கோட்டுக்குப் பின்னால் நிற்கும் எழுத்து

‘டாய் ஸ்டோரி 2’ படத்தை நம்மில் பலர் பிள்ளைகளுடன் உட்கார்ந்து பார்த்திருப்போம். அந்தப் படம் திரைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டில், அதாவது 1998இல், அது கிட்டத்தட்ட மொத்தமாகவே அழிந்துபோனது என்பது பலருக்குத் தெரியாது.

பிக்சார் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஆரன் ஜேக்கப்பும் சக ஊழியர்களும் அன்று கணினித் திரையில் வுடி பாத்திரத்தின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கோப்புகள் குறையத் தொடங்கின. வுடியின் தொப்பி போனது. காலணிகள் போயின. சற்று நேரத்தில் வுடியையே காணோம். பதறிப்போய்க் கணினி அறைக்குத் தொலைபேசியில் அழைத்து, இயந்திரத்தின் மின்இணைப்பைப் பிடுங்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. காப்புப் பிரதியைத் தேடினால், அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை.

கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்தபடி வேலை பார்த்துவந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் பொதிந்து, காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது.

இத்தனைக்கும் காரணம் யாரோ தவறான இடத்தில் தட்டிய ஒரு வரிக் கட்டளை. அது பெரும்பாலும் ‘ஆர்எம்’ என்ற கட்டளையும், அதன் பின்னால் ‘ஆர்’, ‘எஃப்’ என்ற இரண்டு எழுத்துகளும், ஒரு நட்சத்திரக் குறியுமாக இருந்திருக்கும் என்று ஜேக்கப் பின்னர் சொன்னார். ‘ஆர்எம்’ என்றால் ரிமூவ், அதாவது நீக்கு. நட்சத்திரக் குறி என்றால் இங்குள்ள எல்லாம். நடுவில் நின்ற அந்த இரண்டு எழுத்துகள்தாம் சாதாரண அழிப்பைப் பேரழிப்பாக மாற்றியவை. ‘ஆர்’ இல்லாவிட்டால் கோப்புறைகளுக்குள் இறங்கி அழித்திருக்காது. ‘எஃப்’ இல்லாவிட்டால், பாதுகாக்கப்பட்ட கோப்புகளைத் தொடும்போதாவது “அழிக்கலாமா?” என்று கேட்டிருக்கும்.

சுட்டியால் சொடுக்கி வேலை செய்யும் நமக்குக் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டுவது பழங்காலத்துப் பழக்கமாகத் தோன்றலாம். ஆனால் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் முதல் வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் இளையர் வரை இன்றும் அந்தத் திரை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் எழுதித் தரும் கட்டளைகளும் இதே எழுத்துகளோடுதான் வருகின்றன. அவற்றை அப்படியே ஒட்டி, ‘என்டர்’ தட்டுவதற்கு முன் அந்த எழுத்துகளைக் கொஞ்சம் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் பெயரிலேயே உள்ள விஷயம்

கட்டளையின் பெயர், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஓர் எழுத்து. இதுதான் அமைப்பு. அந்த எழுத்தை ஆங்கிலத்தில் ‘ஆப்ஷன்’ என்கிறார்கள். நாம் தெரிவெழுத்து என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கட்டளை சொல்கிறது. எப்படிச் செய்ய வேண்டும் என்பதைத் தெரிவெழுத்து சொல்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் ‘கே’ என்றால் கிருஷ்ணன். அடுத்த வீட்டில் அதே ‘கே’ கருப்பையா. எழுத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. குடும்பத்தைத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், மலேசியாவில் அடையாள அட்டையில் ‘ஏ/எல்’ என்று இருப்பது சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’. இரண்டுக்கும் இன்னாரின் மகன் என்றே பொருள். கடற்பாலத்தைக் கடந்தால் எழுத்து மாறுகிறது, பொருள் மாறுவதில்லை.

தெரிவெழுத்துகளின் சிக்கலும் இதேதான். ஒரே எழுத்து கட்டளைக்குக் கட்டளை வேறு பொருள் தரும். ஒரே பொருளுக்குக் கட்டளைக்குக் கட்டளை வேறு எழுத்து வரும். ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ள அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

நொடிக்குப் பத்தெழுத்து

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்றைய லினக்ஸ் அதன் வழியில் எழுதப்பட்டது. மேக் கணினிகளின் இயங்குதளமும் அதன் வழி வந்தது. அன்று அவர்கள் முன்னால் திரை இல்லை. டெலிடைப் என்ற தட்டெழுத்து இயந்திரம் இருந்தது. விசையைத் தட்டினால் எழுத்து தாளில் அச்சாகும். கணினியின் பதிலும் அதே தாளில் அச்சாகும். அக்காலத்தில் பரவலாக இருந்த மாடல் 33 டெலிடைப் நொடிக்கு 10 எழுத்துகளைத்தான் அச்சிடும். விசைகளும் பூப்போல மென்மையானவை அல்ல. அழுத்தித் தட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட இயந்திரத்தில் ஒவ்வோர் எழுத்தும் விரலுக்கும் நேரத்துக்கும் செலவு. அதனால்தான் ‘லிஸ்ட்’ சுருங்கி ‘எல்எஸ்’ ஆனது. ‘காப்பி’ சுருங்கி ‘சிபி’ ஆனது. ‘மூவ்’ சுருங்கி ‘எம்வி’ ஆனது. கட்டளைப் பெயரே இரண்டெழுத்து என்றால், அதன் தெரிவு ஓரெழுத்தாகத்தானே இருக்கும்?

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டது. கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளைக்கு அதில் ஐந்தே தெரிவெழுத்துகள். ‘எல்’ என்றால் லாங், நீண்ட பட்டியல். ‘டி’ என்றால் டைம், நேரப்படி வரிசை. ‘ஏ’ என்றால் ஆல், எல்லாம். ‘எஸ்’ என்றால் சைஸ், கோப்பின் அளவு. இன்னொரு ‘டி’ டைரக்டரியின் முதலெழுத்து. கோப்புறையின் உள்ளே போகாமல் அதன் பெயரை மட்டும் காட்டும். ஐந்தும் இன்றும் அப்படியே வேலை செய்கின்றன.

சிறு கோட்டுக்கும் காரணம் உண்டு. ‘எல்எஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது கோப்பின் பெயரா, தெரிவா என்பதைக் கணினி பிரித்தறிய வேண்டுமே? கோட்டோடு தொடங்கினால் தெரிவு, இல்லாவிட்டால் பெயர். இரண்டு மூன்று தெரிவுகள் இருந்தால் ஒரே கோட்டுக்குப் பின்னால் சேர்த்தே எழுதலாம். ‘ஆர்’, ‘எஃப்’ இரண்டும் பல இடங்களில் ஒட்டிப் பிறந்தவைபோல வருவது இதனால்தான்.

பட்டியலில் வராத கோப்புகள்

‘ஏ’ என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு வேடிக்கைக் கதை இருக்கிறது. எல்லாவற்றையும் காட்டு என்று கேட்க வேண்டியிருக்கிறது என்றால், சாதாரணமாக எதையோ மறைக்கிறது என்றுதானே பொருள்?

யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புறையிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பதிவுகள் இருக்கும். முதலாவது அந்தக் கோப்புறையையே குறிக்கும், இரண்டாவது அதற்கு மேலே உள்ளதை. பட்டியல் கேட்கும்போதெல்லாம் இவை வந்து நின்றால் தொந்தரவு. அதனால், பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் காட்டாதே என்று ஒரு சிறு சோதனையை எழுதிவிட்டார்கள். பெயர் முழுவதையும் ஒப்பிட்டிருந்தால் அந்த இரண்டும் மட்டும் மறைந்திருக்கும். முதல் எழுத்தை மட்டும் பார்த்ததால், புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பும் மறைந்துவிட்டது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் இதைப் பின்னாளில் எழுதினார்.

யாரும் திட்டமிடாத அந்த மறைவிடத்தில் நிரலாளர்கள் தங்கள் அமைப்புக் கோப்புகளையெல்லாம் போட்டுவைக்கத் தொடங்கினார்கள். இன்று உங்கள் கணினியில் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் ஏராளமாக இருக்கக்கூடும். அவற்றைப் பார்க்க அந்தப் பழைய ‘ஏ’தான் சாவி.

ஓர் ‘எஃப்’, நான்கு வேலை

அழிக்கும் கட்டளையில் ‘எஃப்’ என்றால் ஃபோர்ஸ். கேள்வி கேட்காமல் செய். ‘டெயில்’ என்ற கட்டளையில் ‘எஃப்’ என்றால் ஃபாலோ. கோப்பின் கடைசியில் புதிதாக வரி சேரச் சேரக் காட்டிக்கொண்டே இரு. ‘கட்’ என்ற கட்டளையில் அது ஃபீல்ட். எத்தனையாவது பத்தி வேண்டும் என்று கேட்பது. ‘டார்’ என்ற கட்டளையில் அது ஃபைல்.

‘டார்’ என்பதே டேப் ஆர்கைவ் என்பதன் சுருக்கம். 1979இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் அது இடம்பெற்றது. கோப்புகளை மூட்டையாகக் கட்டிக் காந்த நாடாவில் ஏற்றுவதே அதன் வேலை. நாடாவுக்குப் பதில் கோப்பில் எழுது என்று தனியாகச் சொல்வதற்குத்தான் ‘எஃப்’ தேவைப்பட்டது. நாடா பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனாலும் ‘டார்’ தட்டும் ஒவ்வொருவரும் இன்றும் அந்த ‘எஃப்’ எழுத்தைச் சேர்த்துத்தான் தட்டுகிறார்கள்.

‘எச்’ என்ற எழுத்து இன்னும் சுவையானது. பல கட்டளைகளில் அது ஹெல்ப், உதவி. வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையில் அது ஹியூமன். மனிதருக்குப் புரியும்படி மெகாபைட், கிகாபைட் என்று காட்டும். கணினியை நிறுத்தும் ‘ஷட்டவுன்’ கட்டளையில் அதே ‘எச்’ ஹால்ட், நில் என்று பொருள். நிர்வாகி உரிமையோடு இருப்பவர் உதவி கேட்பதாக நினைத்து அங்கே அதைத் தட்டினால், கணினி அணைந்துபோக ஆயத்தமாகிவிடும்.

சிறிய ‘ஆர்’, பெரிய ‘ஆர்’

எழுத்துகள் போதாமல் போனபோது பெரிய எழுத்துகளைத் தொட்டார்கள். எது சிறியது, எது பெரியது என்பது பெரும்பாலும் யார் முதலில் இடம் பிடித்தார்கள் என்பதைப் பொறுத்தது.

ரிகர்சிவ், அதாவது உட்கோப்புறைகள் எல்லாவற்றுக்குள்ளும் இறங்கிப் போ என்பதற்கு ‘ஆர்’. அழிக்கும் கட்டளையில் சிறிய ‘ஆர்’ போதும். ஆனால் ‘எல்எஸ்’ கட்டளையில் சிறிய ‘ஆர்’ ரிவர்ஸ், தலைகீழ் வரிசை. அதனால் அங்கே உள்ளே இறங்குவதற்குப் பெரிய ‘ஆர்’.

கோப்பின் அனுமதிகளை மாற்றும் ‘சிஎச்மோட்’ கட்டளையில் இந்த வேறுபாடு விளையாட்டல்ல. அங்கே ‘ஆர்’ என்றால் ரீட், படிக்கும் அனுமதி. கோடு என்றால் கழித்தல். ஆக, கோடும் சிறிய ‘ஆர்’ எழுத்தும் சேர்ந்தால், படிக்கும் அனுமதியைப் பறி என்று பொருள். கோப்புறையைத் திறந்துவிட நினைத்துச் சிறிய ‘ஆர்’ தட்டியவர், அதை மூடிவிட்டு விழிப்பார்.

தொலைவிலுள்ள கணினியோடு பேச உதவும் ‘எஸ்எஸ்எச்’ 1995இல் பின்லாந்தில் டாட்டு யூலோனென் உருவாக்கியது. அதில் போர்ட் எண்ணைக் குறிக்க, அந்தச் சொல்லின் முதலெழுத்தான சிறிய ‘பி’. அதே குடும்பத்தில் கோப்புகளை நகலெடுக்கும் ‘எஸ்சிபி’ கட்டளையிலோ போர்ட் எண்ணுக்குப் பெரிய ‘பி’. உடன்பிறப்புகளுக்குள் ஏன் இந்த வேற்றுமை? நகலெடுக்கும் கட்டளைகளில் சிறிய ‘பி’ ஏற்கெனவே பிரிசர்வ் என்ற சொல்லுக்குப் போயிருந்தது; அதாவது கோப்பின் பழைய நேரத்தையும் அனுமதியையும் அப்படியே காப்பாற்று. ‘எஸ்சிபி’ கட்டளையின் கையேடே இந்தக் காரணத்தைச் சொல்லிப் பெரிய ‘பி’ எழுத்தை நியாயப்படுத்துகிறது. அதைப் படிக்காதவர்கள் இரண்டையும் மாற்றித் தட்டித் தடுமாறுகிறார்கள்.

‘வி’ என்றால் விபரீதம்

மிக அதிகம் குழப்புவது ‘வி’ என்று சொல்லலாம். நகலெடுக்கும்போது, அழிக்கும்போது, மூட்டை கட்டும்போது அது வெர்போஸ். செய்வதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய். வேறு சில நிரல்களில் அது வெர்ஷன்; உன் பதிப்பு எண்ணைச் சொல். பைத்தானில் பெரிய ‘வி’ பதிப்பு எண், சிறிய ‘வி’ விலாவாரியான பேச்சு.

‘கிரெப்’ என்ற தேடல் கட்டளையில் ‘வி’ முற்றிலும் வேறு. கென் தாம்சன் எழுதிய இந்தக் கட்டளையின் பெயரே ‘எட்’ என்ற பழைய உரைத்தொகுப்பானின் ஒரு கட்டளை வரியிலிருந்து வந்தது. அந்தத் தொகுப்பானில், ஒரு சொல் உள்ள வரிகளை எடு என்பதற்கு ‘ஜி’. அந்தச் சொல் இல்லாத வரிகளை எடு என்பதற்கு ‘வி’. ‘கிரெப்’ கட்டளையிலும் ‘வி’ அதே வேலையைச் செய்கிறது. தேடுவது எதில் இல்லையோ அதைக் காட்டும்.

தேடலில் இது வசதி. ஆனால் ‘பி-கில்’ என்ற கட்டளையை எண்ணிப் பாருங்கள். பெயரைச் சொன்னால், அந்தப் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தும். அதன் உடன்பிறப்பான ‘பி-கிரெப்’ நிறுத்தாது, தேடி மட்டும் தரும். அங்கே ‘வி’ எதிர்மறைத் தேடல். ‘பி-கில்’ கட்டளையிலும் ‘வி’ அப்படியே வேலை செய்தால்? நிறுத்துவதை விலாவாரியாகச் சொல்லட்டும் என்று நினைத்து ஒருவர் ‘வி’ தட்டினால், அவர் சொன்ன நிரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்த முனையும். அதனால் லினக்ஸில் ‘பி-கில்’ கட்டளைக்கு மட்டும் இந்த ஓரெழுத்தை முடக்கி வைத்திருக்கிறார்கள். தவறுதலாகப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்று கையேடு வெளிப்படையாகச் சொல்கிறது. வேண்டுமென்றே அதைச் செய்ய விரும்புபவர் முழுச் சொல்லைத் தட்டியாக வேண்டும்.

எழுத்துகள் தீர்ந்தபோது

ஆங்கிலத்தில் சிறிய எழுத்து 26, பெரிய எழுத்து 26. அதற்கு மேல் இல்லை. ஐந்து தெரிவெழுத்துகளோடு தொடங்கிய ‘எல்எஸ்’, இன்று லினக்ஸில் பரவலாக உள்ள வடிவத்தில் சிறிய எழுத்துகளில் 22ஐ விழுங்கிவிட்டது. மிச்சம் நான்கு.

‘டார்’ கட்டளையில் அழுத்திச் சுருக்கும் முறைக்கு ‘இசட்’ பொருத்தமான எழுத்து. ஆனால் முறைகள் பெருகின. ஒரு முறைக்குச் சிறிய ‘இசட்’, இன்னொன்றுக்குப் பெரிய ‘இசட்’, அடுத்து வந்ததற்குப் பெயரோடு ஒட்டுறவே இல்லாத சிறிய ‘ஜே’, அதற்கும் அடுத்ததற்குப் பெரிய ‘ஜே’. ஓர் அணுகுண்டைச் செயலிழக்கச் செய்ய, இணையத்தில் தேடாமல் சரியான ‘டார்’ கட்டளை ஒன்றைத் தட்ட வேண்டும். யாராலும் முடியவில்லை என்று ‘எக்ஸ்கேசிடி’ என்ற இணையச் சித்திரத் தொடர் ஒருமுறை கிண்டலடித்தது. நிரலாளர்கள் சிரித்தார்கள், உள்ளூர நெளிந்தும் இருப்பார்கள்.

ஒழுங்குபடுத்தும் முயற்சிகளும் நடந்தன. 1980களில் தெரிவெழுத்துகளைப் பிரித்தறிய ‘கெட்ஆப்ட்’ என்ற பொது நிரல் வந்தது. பின்னர் ‘போசிக்ஸ்’ தரநிலை, தெரிவுக்கு ஒரே எழுத்து, முன்னால் ஒரு கோடு, பலவற்றைச் சேர்த்தெழுதலாம் என்று விதிகளை வகுத்தது. விதிகள் கட்டுப்படுத்தியது எழுதும் முறையைத்தான். எந்த எழுத்துக்கு எந்தப் பொருள் என்பதை ஒவ்வொரு கட்டளையிடமும் விட்டுவிட்டன.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த ‘குனு’ திட்டம் வேறு வழி கண்டது. இரட்டைக் கோடு போட்டு முழுச் சொல்லையே எழுதலாம் என்றது. ‘ஆர்’ என்பதற்குப் பதில் ‘ரிகர்சிவ்’ என்றே எழுதலாம். எல்லா நிரல்களும் ‘ஹெல்ப்’, ‘வெர்ஷன்’ என்ற இரண்டு முழுச் சொற்களையும் ஏற்க வேண்டும் என்றும் அது சொன்னது. தலைப்பெழுத்தை விட்டுவிட்டு அப்பாவின் முழுப் பெயரையே எழுதுவது போல.

விண்டோஸில் கோட்டுக்குப் பதில் சாய்கோடு வருவதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1981இல் வந்த டாஸின் முதல் பதிப்பில் கோப்புறைகளே இல்லை. சாய்கோட்டைத் தெரிவெழுத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1983இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது, யூனிக்ஸைப் போலப் பாதையைப் பிரிக்கச் சாய்கோடு தேவைப்பட்டது. அது கைவசம் இல்லை. பின்சாய்கோட்டைப் பிடித்தார்கள். இன்று நம் விண்டோஸ் கணினியில் கோப்பின் முகவரி பின்பக்கம் சாய்ந்த கோடுகளோடு இருப்பது அந்த இரண்டாண்டு இடைவெளியால்தான்.

‘என்டர்’ தட்டுவதற்கு முன்

இந்த எழுத்துகளை ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அப்படி ஒரு பட்டியலே கிடையாது. சில பழக்கங்கள் போதும்.

புதிய கட்டளையைச் சந்தித்தால் ‘மேன்’ என்று தட்டி, இடைவெளி விட்டு அதன் பெயரைத் தட்டுங்கள். கையேடு திறக்கும். இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவிடமிருந்தோ வந்த கட்டளை என்றால், ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கட்டளையில் என்ன பொருள் என்று பார்த்த பிறகே ஒட்டுங்கள். வேறொரு கட்டளையில் தெரிந்த பொருளை இங்கே கொண்டுவராதீர்கள்.

அடிக்கடி ஓடும் நிரல்களில் எழுதி வைக்கும் கட்டளைகளுக்கு, கிடைத்தால் முழுச் சொல்லையே எழுதுங்கள். இன்று நீங்கள் எழுதுவதை ஆறு மாதம் கழித்துப் படிக்கப்போவது வேறொருவராக இருக்கலாம். உங்களுக்கே மறந்தும் போயிருக்கலாம்.

அழிக்கும் கட்டளைக்கு ‘ஐ’ என்ற எழுத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு கோப்பையும் கேட்டுவிட்டே அழிக்கும். சில கட்டளைகளில் ‘என்’ சேர்த்தால், உண்மையில் செய்யாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். கோப்புகளை ஒத்திசைக்கும் ‘ஆர்சிங்க்’ அப்படி ஒன்று. ஆனால் ‘சார்ட்’ கட்டளையில் அதே ‘என்’ எண்வரிசைப்படி அடுக்கு என்று பொருள் தரும். அதையும் கையேட்டில்தான் உறுதிசெய்ய வேண்டும்.

‘ஆர்’, ‘எஃப்’ இரண்டும் சேர்ந்து வருகிறதா? எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டு, கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

மெதுவாக ஓடிய இயந்திரத்துக்காக, விரல்வலிக்குப் பயந்து சுருக்கிய எழுத்துகள் இவை. இன்றைய கணினி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கட்டளையை முடித்துவிடுகிறது. டெலிடைப் காலத்தில் அச்சாகும் வரை யோசிக்க இருந்த நேரம் இன்று இல்லை. பிக்சாரில் வுடியை மீட்க ஒரு தாயின் வீட்டுக் கணினி இருந்தது. எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு பிரதி இருக்காது.